சீனப் பத்தியம்

இறால் பண்ணையின் ஆறாம் குளத்து அணைக்கட்டில் ஒன்பது பேர் இருந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான், லீயின் கைபேசி திவாகரனுடைய மானத்தை வாவிக்கு மேலால் பறக்கவிட்டது. லீ, குளங்களுக்குக் காற்றுக் கொடுக்கும் இயந்திரங்களைப் பார்க்க வந்த சீனக் கிழவர். தமிழில் அவருக்குத் தெரிந்தவை இறால், சோறு, நாளைக்கு என்ற மூன்று சொற்கள். மிச்சத்தையெல்லாம் கைபேசி பேசும். அவர் அதனருகில் வாயை வைத்துத் தன் மொழியில் முணுமுணுப்பார். அது செய்தி வாசிக்கும் பெண்ணின் குரலில், சுத்தமான தமிழில், ஊருக்கே அறிவிக்கும். அன்றைக்குத் திவாகரன் ஒரு போத்தல் ஐஸ் தண்ணீரை ஒரே மூச்சில் இறக்குவதைக் கண்டவர், கிட்ட வந்து நாக்கை நீட்டச் சொன்னார். மணிக்கட்டில் மூன்று விரலை வைத்துக் கண்ணை மூடினார். பிறகு கைபேசியிடம் ஏதோ சொன்னார்.

"உங்கள் சிறுநீரகங்கள் குளிர்ந்துவிட்டன," என்றது அது, பனிச்சங்கேணிப் பாலத்தில் போகிறவனுக்கும் கேட்கும்படியாக. "நீங்கள் மனைவியின் அருகில் உறங்குகிறீர்கள். உறங்க மட்டுமே செய்கிறீர்கள்."

வாவிக்கரைக் கண்ணா மரக் காட்டுக்குள் இருந்த கொக்குகள் அத்தனையும் ஒரேயடியாக எழும்பின. ஒரு குடும்பத்தின் அந்தரங்கத்தை அவ்வளவு உரத்து அவை அதுவரை கேட்டதில்லை.

"அடேயப்பா," என்றார் மேற்பார்வை பார்க்கும் சாமித்தம்பி. "ஆஸ்பத்திரியில படம் பிடிச்சாலும் இவ்வளவு தெளிவா விழாதே!"

"திவா, நாளைக்கு உன்ட குண்டிக்காயக் கழட்டிக் கொண்டு வா. அணைக்கட்டில வெயிலுக்குக் காயப்போடுவம்," என்றான் இன்னொருத்தன்.

வெட்கப்பட வேண்டிய இடம் அது. திவாகரனும் வெட்கம் வரும் என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். வரவில்லை. கோபமாவது வரும் என்று பார்த்தான். அதுவும் வரவில்லை. எழும்பிப் போய் இறால் தீனித் தட்டைத் தூக்கித் தண்ணீருக்குள் இறக்கினான். இறால்கள் வந்து மொய்த்தன. அவற்றுக்குப் பசியாவது இருந்தது.

பிரஷாந்தி குவைத்துக்குப் போய் ஏழு வருடம் இருந்தாள். வந்து எட்டு மாதம். பிள்ளைகுட்டி இல்லை. அவள் போன முதல் வருடம் திவாகரன் அழுத அழுகையில் வளவுக் கிணறு உப்பாகிப்போய், அயலார் மூன்று வீடு தள்ளித் தண்ணீர் அள்ளினார்கள். இரண்டாம் வருடம் அழாமல் இருக்கப் பழகினான். மூன்றாம் வருடம், பழகியதையே மறந்துபோனான். அதற்குப் பிறகு அவனுக்குள் எதுவும் நடக்கவில்லை. சோற்றைக் கண்டால் தின்றான், பாயைக் கண்டால் படுத்தான். அவள் வந்து இறங்கிய அன்று வீடு நிறையச் சனம், சொக்லேட், சிரிப்பு. எல்லாரும் போன பிறகு இரண்டு பேரும் ஒரே கட்டிலில், ஆலையிலிருந்து இறக்கி வைத்த இரண்டு மரங்களைப்போலக் கிடந்தார்கள். மூன்று முறை அவன் அவளுடைய தோளில் கையை வைத்துப் பார்த்திருக்கிறான். கை யாரோ இரவல் தந்ததுபோல் இருந்தது. "களைச்சுப் போய் வந்திருக்கீங்க, படுங்க," என்பாள் அவள். அவள் ஏசியிருந்தால் கூடக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

இப்போது, குவைத்தில் அவள் வீட்டுவேலை செய்த மேடம் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். "அம்மாள்ற குளிர்த்தி முடியட்டும், மறுநாள் சொல்றன்," என்று பிரஷாந்தி கோயில் திருவிழாவைச் சாட்டித் தவணை வாங்கி வைத்திருந்தாள். வைத்துவிட்டு, மீனுக்கு உப்புத் தடவிக்கொண்டே கேட்டாள்: "நான் போறதா, நிக்கிறதா? நீங்க ஒரு சொல்லுச் சொல்லுங்க."

"உன்ட விருப்பம்," என்றான் திவாகரன்.

அவள் உப்பை இரண்டாம் தரமும் தடவினாள். அன்றைய மீனை வாவியில் விட்டிருந்தால் வாவி கடலாகியிருக்கும்.

அந்த ஒரு சொல்லைத்தான் திவாகரன் தேடிக்கொண்டிருந்தான். நில் என்று சொல்ல ஓர் ஆம்பிளைக்கு உள்ளே ஏதாவது சூடு வேண்டும். அடுப்பு அணைந்து கிடக்கிற வீட்டுக்குள் விருந்தாளியை மறிக்கலாமா? லீ சொன்னது அப்படித்தான் அவனுக்கு விளங்கியது. மறுநாள் வேலை முடிந்ததும் அவருடைய அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு, "என்ன திண்டாச் சூடாகும்?" என்று கைபேசியிடம் கேட்டான்.

கைபேசி கால்மணி நேரம் பேசியது. ஐஸ் தண்ணீர் கூடாது. இளநீர் கூடாது. வெள்ளரிப்பழம், பழஞ்சோறு கூடவே கூடாது. தயிர் கூடாது. அந்தச் சொல்லில் திவாகரனுக்கே ஒரு தரம் கண் இருட்டியது. மட்டக்களப்பானைத் தயிரை விடச் சொல்வது, மீனைக் கரையேறி நடக்கச் சொல்வது போன்றது. சாப்பிட வேண்டியவை இறால், வாவிச் சிப்பி, ஆட்டிறைச்சி, இஞ்சி போட்ட ஆட்டுக் குண்டிக்காய், கறுத்த எள்ளு. அதோடு லீ தன்னுடைய தகரப் பேணியிலிருந்து எடுத்துத் தந்த, மூளைபோலச் சுருண்ட கொட்டை நாளைக்கு மூன்று. அவருடைய அறைக்குப் பின்னால் வளர்ந்த, உள்ளி மணக்கும் ஒரு புல்லு ஒரு பிடி. விடிய எழும்பினால் சுடுதண்ணீர். பொழுதுபட முன்னர் இஞ்சி அவித்த தண்ணீரில் கணுக்கால் வரைக்கும் காலை வைத்து, நெற்றி வேர்க்கும்வரை இருக்க வேண்டும். "நாற்பது நாள்," என்று முடித்தது அந்தப் பெண்குரல். "ஒரு நாள் தவறினாலும் முதலிலிருந்து தொடங்குங்கள். நாற்பத்தோராம் நாள் நீங்கள் புலி."

திவாகரன் விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். நாற்பத்தோராம் நாள் சரியாகக் குளிர்த்திக்கு மறுநாள் வந்தது.

பத்தியம் பண்ணையிலேயே நடந்தது. லீ இறாலையும் புல்லையும் ஒன்றாக வதக்கித் தருவார், திவாகரன் தின்பான், இரண்டு பேரும் ஆளுக்கொரு வாளிக்குள் காலை வைத்துக்கொண்டு வாவியைப் பார்த்திருப்பார்கள். லீக்கும் ஒரு மனைவி இருந்தாள், எங்கேயோ ஒரு ஆற்றங்கரை ஊரில். அவளுடைய படத்தை ஒரு தரம் காட்டினார். அதைப்பற்றிக் கைபேசியிடம் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

முப்பத்திரண்டு நாள் இப்படிப் போனது. முப்பத்து மூன்றாம் நாள், வருடத்துக்கு ஒரு தரமே திறக்கிற கண்ணகி அம்மன் கோயில் கதவு திறந்தது. கதவு திறந்தால் குளிர்த்தி வரைக்கும் ஊரில் மீன் இல்லை, இறைச்சி இல்லை, முட்டை இல்லை. சட்டிபானைகளைச் சாம்பல் போட்டுத் தேய்க்கிற தேய்ப்பில் பாதிச் சட்டி தேய்ந்துபோகும். பூனைகளே அந்த எட்டு நாளும் புளியாணம் குடிக்கிற ஊர் அது. பண்ணையிலும் ஊர்க்காரர் ஒருத்தரும் இறாலை வாயில் வைக்க மாட்டார்கள். சாமித்தம்பி லீயின் அடுப்பையே அணைத்துவிட்டார். புருஷனை இழந்து எரிந்துபோய் வந்த அம்மாளை ஊரெல்லாம் குளிரப்பண்ணுகிற நாட்களில், திவாகரன் என்ற ஒருத்தன் மட்டும் சூடாக வேண்டியிருந்தது.

மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓட்டமாவடிக்குப் போனான். அங்கே அவனுடைய கூட்டாளி மர்சூக்குக்குச் சாப்பாட்டுக் கடை இருந்தது. சமையல் மர்சூக்கின் தாய் ஆமினா உம்மா. முதல் நாள் குண்டிக்காய்க் கறியை அவனுக்கு முன்னால் வைத்துவிட்டு, அவள் போகாமல் நின்றாள்.

"மனே, உங்கட கோயில் கதவு திறந்தாச்செண்டு கேள்விப்பட்டன். நீ என்ன இஞ்ச வந்து இறைச்சி தின்னுறாய்?"

"வைத்தியம் உம்மா."

"அல்லாஹ்! என்ன வருத்தம்?"

"உள்ளுக்குக் குளிர்."

வெளியே தார் உருகுகிற வெயில். மர்சூக் சிரித்த சிரிப்பில் அலுமாரிக் கண்ணாடிக்குள் இருந்த வடைகள் இடம் மாறின. "மச்சான், விளங்கிற்று! உம்மா, இவனுக்கு இன்னொரு அகப்பை போடுங்க!"

"நீ பொத்து வாய," என்று மகனை அதட்டினாள் ஆமினா உம்மா. "அம்மாள்ற நாளையில நான் தந்த எண்டு ஒருத்தருக்கும் சொல்லிராத மனே." அதைச் சொல்லிக்கொண்டே இன்னொரு அகப்பையும் போட்டாள்.

திவாகரன் தின்றான். காரம் தெரிந்தது, ருசி தெரியவில்லை. ஆறு நாளில் அவனுக்குள் இறங்கிய ஆடுகள் உயிரோடு இருந்திருந்தால் வாகரை முழுவதையும் மேய்ந்து முடித்திருக்கும். உள்ளே ஒன்றும் அசையவில்லை. தின்று முடித்துச் சவர்க்காரம் போட்டுக் கை கழுவி, கராம்பு நாலைச் சப்பிக்கொண்டு, பண்ணைக்கு வந்து வாளிக்குள் கால் வைத்து, வேர்த்து, துடைத்து, வீட்டுக்குப் போவான்.

முப்பத்தெட்டாம் நாள் பொழுது சாய முன்னம் அவன் வீடு வந்தபோது, பிரஷாந்தி கிணற்றடியில் வாளியும் கையுமாக நின்றாள். அவனுடைய முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தாள். பண்ணைச் சேறு அப்பியிருக்க வேண்டிய கால், நகக்கண் வரைக்கும் சுத்தமாகி, பிறந்த பிள்ளையின் கால்போலச் சிவந்திருந்தது.

"எந்த வீட்டில காலக் கழுவிற்று வாறீங்க?"

ஊர் அறிந்த கேள்வி அது. அங்கே கலியாணம் என்றால் மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருவான். வாசலில் கால் கழுவித்தான் அவனை உள்ளே எடுப்பார்கள். கால் கழுவின வீடுதான் அவனுடைய வீடு. வேறு வாசலில் கால் கழுவுகிறவனைப்பற்றி அதற்குமேல் ஒன்றும் சொல்லத் தேவையில்லை.

"ஒரு வீடும் இல்ல."

"ஒரு மாசமாப் பாத்துக்கொண்டுதான் இரிக்கன். சொல்ல ஒண்ணாட்டி விடுங்க. இப்ப அம்மாள்ற நாளையிலயும் வாயில கராம்பு, சட்டையில கறி மணம். ஆக்கிப் போடுறவ ஆரு?"

ஓட்டமாவடியில் ஒரு பெண் இருப்பதாகச் சொல்லிவிடலாமா என்று திவாகரன் ஒரு கணம் யோசித்தான். அதில் ஒரு கௌரவம் இருந்தது. அவளுக்கு ஒரு பெயர் கூட வைத்துவிட்டான். அப்போதுதான் பிரஷாந்தி வாளியைக் கிணற்றுக்குள் விடாமலே வெறும் கயிற்றை இழுத்துக்கொண்டிருப்பதைக் கண்டான். அவள் வந்த நாளிலிருந்து அவளுக்குள் ஏதோ அசைவதை அவன் கண்டது அதுதான் முதல் தரம். சட்டைப் பையிலிருந்து அன்றைக்குரிய மூன்று கொட்டைகளை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினான்.

"லீ தந்தவர். நாப்பது நாள் பத்தியம். மர்சூக்கிட கடையில ஆடு. பண்ணையில சுடுதண்ணி. காலுக்கு."

"என்னத்துக்கு?"

"எனக்கு... ஒண்ணாமக் கிடக்கிறதுக்கு."

அவள் கொட்டைகளைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். கிணற்றுக்கட்டில் இருந்துவிட்டாள். தோள் குலுங்கியது, சிரிக்கிறாள் என்று அவனுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"அதுக்கா அம்மாள்ற நாளையில ஆட்டைத் திண்டீங்க?"

"முடிஞ்சா நான் புலியாம்."

"நான் உங்களிட்ட ஒரு சொல்லுத்தானே கேட்டன். புலியா வரச் சொன்னனா?"

சிரிப்பு நின்றது. அவள் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, வேறு யாருடைய கதையையோ சொல்வதுபோலச் சொன்னாள்: "ஏழு வருஷம் வெளியால பூட்டுற அறைக்குள்ள படுத்தன். முதல்ல கதவத் தட்டுவன். மறுகா தட்டாம விட்டுட்டன். இப்ப நீங்க வந்து தட்டக்குள்ளயும் எனக்குள்ள ஒருத்தரும் எழும்பிறாங்க இல்ல. உங்களுக்கு மட்டுமெண்டா நினைச்ச நீங்க?"

அவள் வாளியைக் கிணற்றுக்குள் விட்டாள், இழுத்தாள், அவனுடைய காலில் ஊற்றினாள். முப்பத்தெட்டு நாள் வைத்தியமும், முப்பத்தெட்டு வாளி இஞ்சித் தண்ணீரும், ஓட்டமாவடியின் ஆட்டுப்பட்டி ஒன்றும் அந்தக் குளிரில் ஒரே நொடியில் கரைந்து, வாழையடிக்கு ஓடிப்போனது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். அவள் இன்னொரு வாளி ஊற்றினாள்.

குளிர்த்தி அன்று ஊர் முழுவதும் கோயிலில் நின்றது. பூசை செய்த கட்டாடியார் தெளித்த தண்ணீர் எல்லார் தலையிலும் விழுந்தது. ஆண்கள் பக்கம் நின்ற திவாகரன், பெண்கள் பக்கம் நின்ற பிரஷாந்தியை இரண்டு தரம் தேடிப் பார்த்தான். இரண்டாம் தரம் அவளும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை சாமித்தம்பி கொடுத்துவிட்ட இறாலைத் திவாகரன் குசினிக்குப் பின்னால் இருந்து உரித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் பிரஷாந்தி சுளகில் அரிசி பொறுக்கினாள். கைபேசியையும் சுளகின் ஓரத்திலேயே வைத்திருந்தாள். எட்டு மணிக்குக் கூப்பிடுவதாக மேடம் சொல்லியிருந்தாள். எட்டாக ஐந்து நிமிடம் இருந்தது. அவன் ஓர் இறாலை மூன்று தரம் உரித்தான்.

"பிரஷா."

"ம்."

"அண்டைக்கு உன்ட விருப்பம் எண்டு சொன்னன். எனக்கு அப்ப நீ போனா என்ன, நிண்டா என்ன எண்டுதான் கிடந்த. பொய் சொல்லல்ல." அவன் இறாலைக் கோப்பைக்குள் போட்டான். "இண்டைக்கு விடியத்திலயிருந்து பயமாக் கிடக்கு."

"என்னத்துக்குப் பயம்?"

"நீ போயிருவாய் எண்டு."

பொறுக்கிய கல்லொன்றை அவள் விரலுக்கிடையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள். கைபேசி அதிரத் தொடங்கியது. அதோடு சேர்ந்து சுளகு முழுவதும் நடுங்கியது. அரிசிமணிகள் ஒவ்வொன்றாகத் துள்ளித் துள்ளி ஓரத்துக்கு நகர்ந்தன. அவளுடைய கை மடியிலேயே இருந்தது. அவனுடைய கையிலிருந்து இறால் தண்ணீர் சொட்டியது. ஒரு மணி சுளகைத் தாண்டி மண்ணில் விழுந்தது. எங்கிருந்தோ ஒரு கோழி ஓடிவந்து அதைக் கொத்திவிட்டு, அடுத்தது விழும் என்று கழுத்தைச் சரித்துப் பார்த்துக்கொண்டு நின்றது.