பள்ளத்தில் மட்டும் வரும் சத்தம்

சண்முகசுந்தரத்தின் பைக்கில் முன்பக்கம் டக் டக்கென்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. நல்ல ரோட்டில் வராது. பருத்திப்பட்டில் குழாய் பதிக்கத் தோண்டி, பேருக்கு மண்ணைப் போட்டு மூடிய இடங்களில் போனால், ஹேண்டில்பாருக்குக் கீழே யாரோ சுத்தியலால் தட்டுகிற மாதிரி கேட்கும்.

அவர் ஆவடியில் பாதுகாப்புத் தளவாடத் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டர். சொந்த ஊர் கோவில்பட்டி. குவார்ட்டர்ஸுக்கு வந்து இருபத்திரண்டு வருஷம். அங்கே யார் வீட்டில் மிக்ஸி நின்றாலும், மோட்டார் இரைந்தாலும், "சண்முகம் சார் கிட்ட ஒரு தடவை காட்டிருங்க" என்பார்கள். அந்தப் பேச்சு அவருக்குப் பிடித்திருந்தது. கொஞ்சம் அதிகமாகவே பிடித்திருந்தது.

பதினைந்து நாள் முன்னால்தான் முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் ஆயில் கசிகிறதென்று எத்திராஜ் கடையில் விட்டு சீல் மாற்றியிருந்தார். அதனால் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று யோசிக்கக்கூட இல்லை. நேராக அங்கே போய் வண்டியை நிறுத்தினார்.

எத்திராஜ் ஆவடிக்காரர். ஐம்பதைத் தொடுகிற வயது. ஏரிக்குப் போகிற வழியில் தகரக் கூரை போட்ட ஒற்றை அறைதான் கடை. முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார்.

"சத்தம் கீது சார். ஆனா புட்ச்சி ஆட்னா காட்ட மாட்டேங்குது. நான் குட்த்ததுக்கு அப்பறம் நடுவுல யார்னா கை வெச்சாங்களா?"

"யாரும் வைக்கலை" என்றார் சண்முகசுந்தரம்.

அது பொய். போன ஞாயிற்றுக்கிழமை, குவார்ட்டர்ஸ் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, முன் பிரேக் பேடுகளை அவரே மாற்றியிருந்தார். அதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் எத்திராஜ் முதலில் அதைத்தான் கழற்றிப் பார்ப்பார். தன் வேலையை இன்னொருத்தன் கழற்றிப் பார்ப்பதை நினைத்ததுமே வாய் தானாக அந்தப் பதிலைச் சொல்லிவிட்டது.

எத்திராஜ் நம்பினார். சீல் மாற்றியபோது பிரேக்கைத் தன் கையால் மாட்டியவர் அவர். நடுவில் யாரும் தொடவில்லை என்றால் அங்கே பார்க்க வேண்டியதில்லை. ஃபோர்க்கை மறுபடி இறக்கினார். சீலைப் பார்த்தார், ஆயிலை அளந்து ஊற்றினார். ஹேண்டில்பார் திரும்புகிற இடத்தில் இருக்கும் கோன் செட்டையும் கழற்றிப் புதிதாகப் போட்டார். சாயங்காலம் சண்முகசுந்தரம் எடுத்துக்கொண்டு போய் முதல் பள்ளத்தில் இறக்கினார். டக் டக்.

அப்படியே திரும்பி வந்தார். கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். இரண்டு பேர் அவர் தொழிற்சாலைக்காரர்கள்.

"ஒரு சீல் மாத்தத் தெரியலைன்னா எதுக்குய்யா கடை? நல்லா இருந்த வண்டியைக் கெடுத்து வச்சிருக்கீரு" என்றார்.

எத்திராஜ் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். "இன்னொரு நாள் உடு சார், பாக்கறேன்" என்று மட்டும் சொன்னார்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. வீட்டுக்கு வந்ததும் குவார்ட்டர்ஸ் வாட்ஸ்அப் குழுவில், ஏரிப் பக்கத்துக் கடையில் வண்டி விடுகிறவர்கள் ஜாக்கிரதை என்று குரல் பதிவு ஒன்று போட்டார். கட்டைவிரல் படங்கள் வரிசையாக வந்தன. மறுநாள் குவார்ட்டர்ஸ்காரர் ஞானசேகரன் அங்கே விட்டிருந்த தன் வண்டியைப் பாதி வேலையில் எடுத்து வந்துவிட்டதாகச் சொன்னார். சண்முகசுந்தரத்துக்கு அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அடுத்த வாரம் மகள் மைதிலி முத்தாபுதுப்பேட்டையில் தோழி வீட்டுக்கு அந்த வண்டியை எடுத்துப் போனாள். கல்லூரி இரண்டாம் வருஷம்; பைக் நன்றாக ஓட்டுவாள். திரும்பி வந்து சாவியை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"அப்பா, பள்ளத்துல முன் பிரேக்கை லேசா தொட்டுப் பாருங்க. சத்தம் வராது. கையை எடுத்தா வருது. நாலஞ்சு தடவை பாத்துட்டேன்."

பிரேக்கைத் தொட்டால் நிற்கிற சத்தம் எங்கிருந்து வரும் என்று எந்த ஃபிட்டருக்கும் தெரியும்.

மரத்தடியில் உட்கார்ந்து, பேடுகள் உட்காரும் காலிப்பரைக் கழற்றினார். பேடுகள் ஆடாமல் அழுத்திப் பிடிக்க உள்ளே ஒரு சின்ன எஃகுத் தகடு இருக்க வேண்டும். இல்லை. பழைய பேடுகளைப் போட்டுவைத்த பிஸ்கட் டப்பாவைத் திறந்தார். தகடு அதற்குள் கிடந்தது. பேடு மாற்றிய அன்றைக்கே அதைப் பார்த்திருந்தார். மறுபடி கழற்றச் சோம்பல்பட்டு, இதெல்லாம் இல்லாவிட்டாலும் ஓடும் என்று போட்டு மூடியதும் ஞாபகம் வந்தது.

மாட்டப் பத்து நிமிஷம் ஆனது. ஓட்டிப் பார்த்தார். வண்டி பள்ளத்தில் சத்தமில்லாமல் இறங்கி ஏறியது. சத்தம் வந்திருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

"என்னப்பா இருந்துச்சு?" என்றாள் மைதிலி.

"ஒண்ணுமில்லை. போல்ட்டு லூஸு."

அதன்பிறகு ஏரிப் பக்கம் போவதை விட்டார். பால் வாங்கக்கூடச் சுற்றிக்கொண்டு போனார். யாருக்கும் தெரியாது, யாரும் கேட்கவும் இல்லை. ஆனாலும் டூட்டியில் யாராவது "சண்முகம் சார் கை வச்சா சரியாயிரும்" என்று சொன்னால் காது சுட்டது. குழுவைத் திறந்து அந்தக் குரல் பதிவை அழிக்கப் பார்த்தார். நாள் கடந்துவிட்டதால், எல்லாருடைய போனிலிருந்தும் அதை எடுக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கறிக்கடையில் நிற்கும்போது போன் வந்தது. எத்திராஜ்.

"சார், கோச்சிக்காத. உன் வண்டிதான் மண்டைக்குள்ளயே கீது. எங்க தப்பு உட்டேன்னு தெர்ல. நான் சீல் மாத்தன மத்த வண்டிங்களயும் கூப்ட்டு ரெண்டு தபா தொறந்து பாத்துட்டேன். ஒரு தபா எட்த்துனு வாயேன். காசு கீசு ஒண்ணும் வாணாம்."

"வாரேன்" என்றார் சண்முகசுந்தரம். கறி வாங்காமலே கிளம்பினார்.

கடையில் ஒரே ஒரு ஸ்கூட்டர் நின்றது. எத்திராஜ் எழுந்து வந்து பைக்கின் ஹேண்டில்பாரைப் பிடித்தார். சண்முகசுந்தரம் அவர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

"வண்டில ஒண்ணுமில்லை எத்திராஜ். பேடை நான்தான் மாத்துனேன். தகட்டை விட்டுட்டேன். நீ கேட்டப்போ இல்லைன்னு பொய் சொன்னேன்."

எத்திராஜ் கையை விடுவித்துக்கொண்டார். குனிந்து காலிப்பரைப் பார்த்தார்.

"கேட்டனே சார் அன்னிக்கு" என்றார்.

"கேட்ட."

"நாலு பேர் எதுர்ல சொன்ன. ஊட்ல பொண்டாட்டி கேக்குறா, உனக்குக் கண்ணு தெர்லியான்னு. எனக்கே அப்டித்தான் தோணிச்சி. கடைய மூடிகினு செக்யூரிட்டி வேலைக்குப் போலாமான்னு இருந்தேன்."

சண்முகசுந்தரம் போனை எடுத்தார். குழுவைத் திறந்து, அங்கேயே நின்று பேசினார். பிரேக்கைக் கெடுத்தது நான்தான், எத்திராஜ் மேல் தப்பில்லை, கேட்டபோது பொய் சொன்னேன் என்று எல்லாவற்றையும் சொன்னார். பேசும்போது குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. திரும்பப் பதிவு செய்யாமல் அதையே அனுப்பினார்.

எத்திராஜ் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். முடிந்ததும், "சர்தான் சார். சொன்னதுக்குத் தேங்க்ஸு" என்றார். பிறகு ஸ்கூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டு, "ஆனா இனிமே வேற எங்கயாவது உட்டுக்கோ. கோவம்லாம் இல்ல. உன் வண்டியத் தொட்டா எனக்குக் கை ஓடாது" என்றார்.

"சரி" என்றார் சண்முகசுந்தரம்.

வீட்டுக்கு வருவதற்குள் குழுவில் முப்பது பேர் கேட்டுவிட்டிருந்தார்கள். ஞானசேகரன் சிரிக்கிற முகம் ஒன்று போட்டிருந்தார். மற்றவர்கள் ஒன்றும் எழுதவில்லை. அந்த வாரம் யாரும் மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு வரவில்லை. எத்திராஜ் கடை வாசலில் மறுபடி குவார்ட்டர்ஸ் வண்டிகள் நிற்பதாக மனைவி வசந்தகுமாரிதான் காய்கறிக்குப் போய் வந்து சொன்னாள். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் கறியைப் பற்றிக் கேட்கவில்லை; ரசமும் அப்பளமும் வைத்தாள்.

மைதிலி மட்டும் பதிவைக் கேட்டுவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"போல்ட்டு லூஸுன்னு என்கிட்டயும் சொன்னீங்களேப்பா."

"ஆமாம்மா" என்றார். "உன்கிட்டயும்தான்."

அவள் எழுந்து போகவில்லை. அதுவே அவருக்குப் போதுமானதாக இருந்தது.