கால் மாத்திரை

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த விதத்தை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரே சம்பவத்தை இரண்டு பேர், ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர், என்னிடம் சொன்னார்கள். சித்தி ஒடெட் இரண்டு வருடம் முன்பு சொன்னார். சித்தப்பா மார்செல் போன வருடம், ஆஸ்பத்திரியில், இறப்பதற்குப் பன்னிரண்டு நாள் முன்பு சொன்னார். இருவரும் சைகோனில் இருபது வருடம் குடித்தனம் செய்துவிட்டுக் காரைக்காலுக்குத் திரும்பியவர்கள். சொல்லி முடித்ததும் இருவருமே, "இது உன்னோட இருக்கட்டும்" என்றார்கள்.

இருக்கவில்லை. எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் எழுதிய தொடக்கம்: 'சைகோன் பற்றி எரிந்த 1968இல்'. அடித்துவிட்டேன். நகரம் எரிந்ததை அவர்கள் பார்க்கவில்லை; கதவை அடைத்துக்கொண்டு உள்ளே இருந்தார்கள்.

இரண்டாவது: 'பிள்ளையில்லாத ஒடெட்டுக்கு அந்த நாய்தான்'. இது பொய். மகன் இருந்தான், பிரான்சில் படித்தான். ஒடெட் நாயை நாயாகத்தான் வளர்த்தார். பிள்ளைக்குப் பதிலாக என்று எழுதினால் வாசகருக்குச் சட்டென்று புரியும் என்ற சோம்பேறித்தனம்தான் என்னை அப்படி எழுதவைத்தது.

மூன்றாவது தொடக்கம் நாயின் காதிலிருந்து வருகிறது. அதை வைத்துக்கொள்கிறேன்.

2

காதுக்குப் பின்னால்தான் முதலில் சிக்கு விழும். ஒரு நாள் சீப்பு போடாமல் விட்டால் மயிர் திரண்டு கட்டியாகிவிடும். இரண்டு நாள் விட்டால் கத்தரிக்கோல்தான். ஒடெட் பன்னிரண்டு வருடத்தில் இரண்டு முறைதான் கத்தரிக்கோல் எடுத்தார்.

நாயின் பெயர் கொத்தோன். பிரெஞ்சில் பஞ்சு. வெள்ளைப் பொமரேனியன். ஊருக்குத் திரும்பிய ஒரு பிரெஞ்சுக்காரி குட்டியாகக் கொடுத்துவிட்டுப் போனது. சைகோனை ஒட்டிய சோலோன் பேட்டை மருந்துக்கடைத் தராசில் நிறுத்தால் இரண்டரைக் கிலோ. அதில் பாதி மயிர் என்பார் மார்செல்.

அந்த ஊர் வெக்கைக்கும் அந்த மயிருக்கும் ஒத்துவரவில்லை. நண்பகலில் ஈரத்துண்டை ஓட்டுத்தரையில் விரித்தால் அது வயிற்றைப் பரப்பிப் படுத்துக்கொள்ளும். கண்ணுக்குக் கீழே வழியும் நீரை வெந்நீரில் நனைத்த பஞ்சால் துடைக்க வேண்டும். கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுக்கக்கூடாது; தொண்டைக்குழாய் மெல்லியது, வாத்து மாதிரி இருமும். பல் விழுந்த பிறகு கோழி ஈரலை மசித்துச் சோற்றில் பிசைந்து விரலால் ஊட்ட வேண்டியிருந்தது.

(இந்தப் பத்தி நீளமாக இருப்பது தெரியும். சுருக்கப்போவதில்லை. பன்னிரண்டு வருட வேலை இது.)

வியட்நாமியரின் தேத் புத்தாண்டு வந்தால் பட்டாசு. கொத்தோன் கட்டிலுக்கடியில் போய் நடுங்கும், குரைக்கும், நுரை தள்ளும். மிருக வைத்தியர் ஒரு வழி சொன்னார். ஒடெட் எப்போதாவது போட்டுக்கொள்ளும் தூக்க மாத்திரையில் கால் பங்கு. அதற்கு மேல் கூடவே கூடாது. வருடா வருடம் ஒடெட்தான் கொடுப்பார். மார்செலுக்கு அந்தக் கணக்கு தெரியாது, கேட்டதும் இல்லை.*

* வைத்தியர் சொன்னது ஒடெட் வாயாலேயே நான் கேட்டது. கதைக்காக நான் சேர்த்ததல்ல. சேர்த்திருந்தால் இன்னும் நாசூக்காகச் சேர்த்திருப்பேன்.

3

1968 தேத்தில் கேட்டது பட்டாசு இல்லை. போர் நகரத்துக்குள்ளேயே வந்திருந்தது.

மூன்றாம் நாள் பிற்பகல். மாடியில் இருப்பது ஆபத்து என்று ஒடெட்டும் மார்செலும் கீழ்வீட்டுக்கு இறங்கிவிட்டிருந்தார்கள். கீழ்வீட்டில் நூர் நிஷா, இரண்டு சின்னப் பிள்ளைகளோடு. அவள் கணவன் சேக், டோங் டு பள்ளிவாசல் பக்கம் போனவன், வழி அடைபட்டு அங்கேயே மாட்டிக்கொண்டான்.

நாயோடு வாசலில் நின்ற ஒடெட்டைப் பார்த்து நூர் நிஷா தயங்கியது ஒரு நொடிதான்.

"தொழுற ரூமுக்கு மட்டும் நாய் வரவேணாம்க்கா. அடுப்படியில இருக்கட்டும்."

சந்தில் ஆட்கள் ஓடினார்கள். யாருடைய ஆட்கள் என்று எட்டிப்பார்க்க யாருக்கும் துணிவில்லை. ஒவ்வொரு காலடிக்கும் கொத்தோன் குரைத்தது. ஒடெட் அதை மடியில் அமுக்கி, முகத்தைக் கையால் மூடினார். விரலிடுக்கிலும் குரைத்தது.

கதவில் துப்பாக்கிக் கட்டையால் இடித்தார்கள். மூன்று இடி. வியட்நாமியத்தில் ஏதோ அதட்டல். பிறகு தூரத்தில் வெடிச்சத்தம் கேட்க, கால்கள் அந்தப் பக்கம் ஓடின.

நூர் நிஷாவின் சின்னவன் நின்ற இடத்திலேயே சிறுநீர் விட்டிருந்தான்.

"அக்கா," என்றாள் நூர் நிஷா. "நான் வெளிய போகச் சொல்லல. அல்லா மேல ஆணையா சொல்லல. ஆனா எம் புள்ளைங்க இருக்குதுங்கக்கா."

"தெரியும்மா. நீ உள்ள போ. நான் பாத்துக்குறேன்."

[இங்கே ஒடெட் ஜெபித்ததாக ஒரு வரி எழுதியிருந்தேன். "ஜெபிக்கவெல்லாம் இல்லடா, மாத்திரை டப்பாவத் தேடினேன்" என்றார். வரியை எடுத்துவிட்டேன்.]

மார்செல் பின்கட்டில் தொட்டித் தண்ணீரை வாளிகளில் நிரப்பிக்கொண்டிருந்தார். ஒடெட் மாத்திரையைப் பாதியாக உடைத்தார். பாதியை மறுபடி உடைத்தார். ஒரு துண்டு பெரிதாகவும் ஒன்று சின்னதாகவும் விழுந்தது. சின்னதைத்தான் சோற்று உருண்டையில் வைத்தேன் என்று அன்று நம்பினார். அடுத்த நாளிலிருந்து அந்த நம்பிக்கை போய்விட்டது.

கொத்தோன் அவர் விரலை நக்கி, உருண்டையை விழுங்கியது. டப்பாவை அடுப்படிப் பலகையில் வைத்துவிட்டு, பிள்ளைகளுக்கு விசிற உள்ளே போனார்.

பொழுது சாய்ந்ததும் ஆட்கள் மறுபடி வந்தார்கள். கதவை ஒட்டியே நின்று பேசினார்கள். வீட்டுக்குள் ஒரு சத்தமும் இல்லை. போய்விட்டார்கள்.

விடிந்தபோது கொத்தோன் ஈரத்துண்டில் வயிற்றைப் பரப்பிக் கிடந்தது. ஒடெட் தூக்கினார். கழுத்து நிற்கவில்லை.

"வயசாயிடுச்சு ஒடெட்," என்றார் மார்செல். "வெடிச்சத்தம் தாங்கல. நெஞ்சு நின்னுருக்கும்."

"ஆமா. நெஞ்சுதான்," என்றார் ஒடெட். அவசரமாகச் சொன்னார்.

பின்கட்டில் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் புதைத்தார்கள். மார்செல் தோண்டினார். நூர் நிஷா தன் முக்காட்டுத் துணி ஒன்றைக் கொண்டுவந்து சுற்றக் கொடுத்தாள். புதைப்பதற்கு முன் ஒடெட் காதுக்குப் பின்னால் விரல் விட்டுப் பார்த்தார். மூன்று நாளாகச் சீப்பு போடவில்லை. சிக்கு விழுந்திருந்தது.

4

இத்தோடு முடித்திருக்கலாம். ஒடெட் சொன்ன கதை இவ்வளவுதான். கணவனிடம் மாத்திரையைச் சொல்லவில்லை. பிறகு நாய் வளர்க்கவில்லை.

ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மார்செல் சொன்னது

அதை நான் எழுதினால்

சரி. எழுதிவிடுகிறேன்.

5

வாளிகளை நிரப்பிவிட்டு மார்செல் அடுப்படிக்கு வந்தபோது கொத்தோன் நடுங்கிக்கொண்டிருந்தது. விழுங்கி ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. பலகையில் மாத்திரை டப்பா. உள்ளே பிள்ளைகள் விம்முவது கேட்டது.

"ஒடெட் கொடுக்கமாட்டான்னு நெனச்சேன்டா," என்றார் என்னிடம். "அதுக்கு ஒண்ணுன்னா அவ தாங்கமாட்டா. அந்தப் பாவம் எனக்கு இருக்கட்டும்னு நானே எடுத்தேன்."

டப்பாவில் மேலாக ஒரு பாதி உடைந்து கிடந்தது. அந்தப் பாதி எப்படி வந்தது என்று அவர் யோசிக்கவில்லை. கெட்டிப்பாலில் குழைத்து விரலால் ஊட்டினார். அதுவரை ஒருநாளும் அவர் ஊட்டியதில்லை. நாய் ஒரு தடவை அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நக்கியதாம்.

"நான்தான் கொன்னேன். அவளுக்குத் தெரியாது. தெரியவும் வேணாம்."

சித்தியும் கொடுத்தார் என்று அப்போது என் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. பன்னிரண்டு நாள் இருந்தது. பன்னிரண்டு நாளும் சொல்லவில்லை.

6

முடிவுக்கு நான் எழுதிப் பார்த்தவை:

அ. நாய் சோற்றுருண்டையிலிருந்து மாத்திரைத் துண்டைத் துப்பிவிட்டது; மார்செலின் பாதிதான் கொன்றது. (அழகாக இருக்கிறது. யாரும் பார்க்கவில்லை.)

ஆ. உண்மையிலேயே நெஞ்சுதான் நின்றது. பன்னிரண்டு வயது. (இருக்கலாம். அதனால்தான் எழுத முடியவில்லை.)

இ. சொல்லிவிடுகிறேன். 'சித்தி, உங்க கால் மாத்திரை ஒண்ணும் செஞ்சிருக்காது.'

மூன்றாவதை எழுத உட்கார்ந்த அன்றுதான் சித்தி, "என்னடா எழுதுற, படி கேப்போம்" என்றார். அவருக்குக் கண் மங்கிவிட்டது. நான் படித்தேன். இரண்டாம் பகுதியில் சிரித்தார். மூன்றாம் பகுதி முழுவதும் கையை மடியில் கோத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். கல்லுக்குப் பக்கத்தில் புதைத்ததோடு நிறுத்தினேன்.

பிறகு சொன்னார்:

"ஒண்ணே ஒண்ணுதான்டா நிம்மதி. எம் புருஷன் கையில அந்தப் பாவம் ஒட்டல. தெரியாமலே நிம்மதியா போயிட்டாரு."

ஐந்தாம் பகுதி என் கையில்தான் இருந்தது. சித்தி முகத்தைக் குரல் வந்த பக்கம் திருப்பி வைத்திருந்தார்.

"அப்புறம்?" என்றார். "இன்னும் காகிதம் சரசரங்குதே. படி."

நீங்கள் அதைப் படித்துவிட்டீர்கள். அந்த அறையில் என் இடத்தில் நீங்கள் உட்கார்ந்திருந்தால் என்ன செய்திருப்பீர்களோ, அதுதான் இந்தக் கதையின் முடிவு. எனக்கு அது தெரியவில்லை. அவர் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறார்.