மூன்றாவது வாங்கு

1

இந்தக் கதை எனக்கு ஒரு வாங்கிலிருந்து, காத்திருப்போர் உட்காரும் நீளப் பலகையிலிருந்து, கிடைத்தது. குருநகர்ப் பக்கம் ஒரு சிகிச்சை நிலையம், பெயரை எழுதமாட்டேன். ஆண்களுக்கு ஒரு வாங்கு, பெண்களுக்கு ஒரு வாங்கு. நடுவில், வாசலுக்கு நேரே, புது நீல வாங்கு. மேலே ‘ஏனையோர்’ என்று எழுதியிருந்தது. ஒருவரும் அதில் இருக்கவில்லை. இருத்துவதற்கு ஓர் ஆள் வேண்டும் என்றுதான் ஜெரோசனை உண்டாக்கினேன். நல்ல காரணமல்ல.

2

முதல் தொடக்கம்: ‘கடல் அன்று அமைதியாக—’

(வேண்டாம். கடலுக்கு இங்கே வேலையில்லை.)

ஜெரோசன் படகு எஞ்சின் திருத்துபவன். வயது முப்பத்தொன்று. பிறந்தபோது பெண் என்று பதிந்தார்கள். இப்போது அடையாள அட்டையில் ஆண். கருப்பை உடலில்தான் இருக்கிறது. மூன்று மாதமாக இரத்தம் போகிறது. போன முறை பெண்கள் கிளினிக்கில் அட்டையைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். ஆகவே கதைக்குள் ஒரு நீதிமன்றத் தீர்ப்பை எழுதினேன்: அட்டையில் உள்ள பாலினத்தைக் காட்டி எவருக்கும் சிகிச்சையை மறுக்கக்கூடாது.

[தீர்ப்பு நாற்பது பக்கம். வந்தவரை எங்கே இருத்துவது என்று அதில் இல்லை.]

3

தாதி நாகேஸ்வரியை முதலில் கெட்டவராக எழுதினேன். சரிவரவில்லை. அந்த வாங்கைத் தேடிப் பிடித்து, லீவு நாளில் வந்து நீலப் பெயின்ற் அடித்தவரே அவர்தான்.

“தம்பி, உதிலை இருங்கோ. உங்களுக்கெண்டுதான் போட்டது.”

“எனக்கெண்டோ?”

“ஓம். இனி ஒருத்தரும் உங்களைத் திருப்பேலாது.”

“ஆரும் திருப்பத் தேவையில்லை, மிஸ்ஸி. உதிலை இருந்தால் றோட்டாலை போற சனம் முழுக்கப் பாக்கும். நானே திரும்பிப் போயிடுவன்.”

நாகேஸ்வரிக்குக் கோபம் வந்—

(இல்லை. வெட்கமாக இருந்தது.)

“அப்ப எங்கை இருக்கப்போறியள்?”

“இந்த டொக்டரைப் பாக்க வந்த மற்ற ஆக்கள் எங்கை இருக்கினமோ, அங்கை.”

4

ஒரு முடிவு: ஜெரோசன் வீட்டுக்குப் போகிறான். எழுதிக் கிழித்துவிட்டேன். திரும்பிப் போனவர்கள் போதும்.

இன்னொன்று: பெண்கள் எல்லோரும் எழுந்து நீல வாங்குக்கு மாறி அவனுக்குத் துணை நிற்கிறார்கள். பொய். விடிய ஆறு மணிக்கு வந்து பிடித்த இடத்தை எவர் விடுவார்?

மிஞ்சியது இதுதான். அவன் பெண்களின் வாங்கு நுனியில் போய் நின்றான். மீன் விற்கும் ஸ்ரெல்லா மேலும் கீழும் பார்த்தாள்.

“ஆம்பிளையளுக்கு மற்றப் பக்கம், தம்பி.”

“தெரியும், அக்கா. எனக்கும் இஞ்சைதான் அலுவல்.”

அவள் பக்கத்தில் வைத்திருந்த பையைத் தூக்கி நீல வாங்கில் வைத்தாள்.

“இரும். ஆனால் என்ரை நம்பர் பதினாறு. எனக்கு முன்னாலை போக நினையாதையும்.”

“நான் பதினேழு.”

“அப்ப சரி.”

5

சோதனையின் முடிவை நான் எழுதப்போவதில்லை. அது அவனுக்கும் டொக்டருக்கும் உரியது.

ஸ்ரெல்லா போய் வந்துவிட்டாள். உள்ளேயிருந்து “பதினேழு” என்று கூப்பிடுகிறார்கள். ஜெரோசன் எழும்புகிறான். வாங்குக்கும் சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் போகத்தான் இடம். அவனுக்குப் பக்கத்தில், வழியை மறித்து இருப்பது, இதை வாசிக்கும் நீங்கள்.

காலை மடக்குங்கள்.