குழாய்க்குள் போன மண்புழு

பிரசீதா எம்.டெக். இரண்டாம் ஆண்டில் செய்துகொண்டிருந்த ரோபோ ஒரு மண்புழு. சிலிகானில் வார்த்த வளையங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருந்தாள். காற்று ஏறினால் வளையம் பருத்துக் குழாயின் சுவரைப் பிடிக்கும். காற்று இறங்கினால் மெலிந்து முன்னால் நீளும். தலையில் சின்ன கேமரா, வாலில் காற்றுக்குழலும் வயரும். திருவனந்தபுரத்துக் கல்லூரி ஆய்வகத்தில், உலர்ந்த பிவிசி குழாய்க்குள் அது ஒழுங்காகப் போனது. குழாயில் கொஞ்சம் பாசி இருந்துவிட்டால் போதும், நின்ற இடத்திலேயே வழுக்கிக்கொண்டிருக்கும்.

அவளுடைய வழிகாட்டி ஸ்ரீகலா டீச்சர் நெய்யாற்றின்கரைக்காரர். தமிழ் வீட்டுப் பெண் என்பதால் பிரசீதாவிடம் மட்டும் தமிழில் பேசுவார்.

"புதன்கிழமை ரிவ்யூவிலயும் இது நகரலேன்னா, கம்ப்யூட்டர்ல சிமுலேஷன் மட்டும் செஞ்சு முடிச்சிரு. டிகிரி கையில வரணும், அதாக்கும் முக்கியம்."

கோபமாகச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை ரோபோவைப் பையில் போட்டுக்கொண்டு பாறசாலை ரயில் ஏறினாள்.

உதியன்குளங்கரைப் பக்கத்தில் அவள் வீடு. விடாமல் மழை பெய்து முற்றம் குளமாகிக் கிடந்தது. அந்தத் தெருவின் தண்ணீர் முழுவதும் ரோட்டுக்கு அடியில் ஒரு பெரிய குழாய் வழியாக எதிர்ப்பக்கத்து ஓடையில் போய் விழ வேண்டும். குழாய் எங்கேயோ அடைத்துவிட்டது. அம்மா சரோஜம் வாசலிலிருந்து கேட் வரை செங்கல் போட்டு வைத்திருந்தாள்.

காலையில் மண்புழுக்கள் தண்ணீருக்குப் பயந்து படியேறி வந்திருந்தன. பிரசீதா ஒன்றை எடுத்துச் சாப்பாட்டு மேசையில், செய்தித்தாளின்மேல் விட்டாள்.

"மக்கா, சோறு திங்கிற எடத்துலயா மண்ணிரைய போடுவாவ?"

"இரும்மா. சத்தம் போடாத."

காதைத் தாளுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். மெல்லிய சுரண்டல் சத்தம் கேட்டது. தலையிலிருந்து வாலுக்கு விரலால் தடவினாள், வழவழப்பு. வாலிலிருந்து தலைக்குத் தடவினாள், சொரசொரவென்றிருந்தது. மண்புழுவின் உடம்பில் கண்ணுக்குத் தெரியாத முட்கள் உண்டு என்று அவள் பலமுறை படித்ததுதான். இத்தனை சின்ன முள்ளால் என்ன ஆகப்போகிறது என்று விட்டிருந்தாள். அது தாளையே சுரண்டுகிறதென்றால் பாசியைச் சுரண்டாதா?

உடனே சானுவுக்கு போன் செய்தாள். ஆய்வகத்தில் காற்று பம்பைப் பார்த்துக்கொள்பவன் அவன். பாலராமபுரத்திலிருந்து பம்போடு பஸ் ஏறி வந்தான். இருவரும் ஒரு புதிய துணி பிரஷ்ஷின் நார்களை நறுக்கி, வளையங்களில் பின்பக்கம் சாய்த்து ஒட்டினார்கள். மறுநாள் பாசி பிடித்த ஒரு பழைய குழாய்த் துண்டில் விட்டார்கள். ரோபோ வழுக்காமல் மறுமுனைக்கு வந்தது. சானு அதை எடுத்துத் திரும்பவும் உள்ளே விட்டான். திரும்பவும் வந்தது.

அந்த நேரம் வார்டு மெம்பர் ஷீஜா முற்றத்துத் தண்ணீரைப் பார்க்க வந்தார்.

"சரோஜம் அக்கா, நான் என்ன செய்ய? ரோடு இப்பதான் தார் போட்டது. எங்க அடைச்சிருக்குன்னு தெரியாம முழுசும் தோண்ட யாரு சம்மதிப்பா?"

"மெம்பரே, நாங்க இத உள்ள விட்டுப் பாக்கட்டா?" என்றாள் பிரசீதா.

சானு அவளைத் தனியாக அழைத்தான். "பிள்ளே, புதன்கிழமை ரிவ்யூ. நம்மட்ட இது ஒண்ணுதான் உண்டு."

"பாசிக்குள்ள போவுமான்னுதானே அங்க கேக்கப் போறாவ. இதவிட நல்ல குழாய் எங்க கிடைக்கும்?"

அவன் பம்பைத் தூக்கினான்.

ஓடைப் பக்கத்துக் குழாய்வாய் தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருந்தது. அந்த வழியாக விட்டார்கள். ரோபோ பருத்தும் மெலிந்தும் மெல்ல ஊர்ந்தது. பிரசீதா குடைக்கு அடியில் மடிக்கணினியைப் பார்த்தபடி இருந்தாள். எல்லோரும் அடைப்பு ரோட்டின் நடுவில் என்று நினைத்திருந்தார்கள். நடுப்பகுதி காலியாகக் கிடந்தது. ரோட்டைத் தாண்டியபிறகுதான் திரையில் வேர்க்கூட்டம் தெரிந்தது. குழாயின் இணைப்பைப் பிளந்து இறங்கி, பிளாஸ்டிக் பைகளையும் சகதியையும் பிடித்து வைத்திருந்தது. உள்ளே போன காற்றுக்குழலின் நீளத்தை அளந்து ரோட்டின்மேல் வைத்துப் பார்த்தார்கள். தாருக்கு வெளியே, பக்கத்து வீட்டு நேசையனின் அயினி மரத்தடி.

"தாரைத் தொட வேண்டாம், அப்படித்தானே?" என்றார் ஷீஜா. உடனே போனை எடுத்தார்.

சானு குழலைப் பின்னால் இழுத்தான். வரவில்லை. பலமாக இழுத்தான். குழல் நீண்டதே தவிர ரோபோ அசையவில்லை.

பிரசீதாவுக்கு அப்போதுதான் உறைத்தது. "இழுக்காத. முள்ளு பின்னால சாஞ்சிருக்கு. முன்னால மட்டும்தான் போவும்."

"மண்ணிர பின்னாலயும் வருமே?" என்றாள் சரோஜம்.

"அது முள்ள உள்ள இழுத்துக்கிடும்மா. நான் அத யோசிக்கல."

ரிவ்யூவுக்கு அவள் வீடியோவை மட்டும் கொண்டுபோனாள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர், ரோபோ எங்கே என்று கேட்டார். குழாய்க்குள் இருக்கிறது என்றாள். அறையில் சிரிப்பு எழுந்தது. நடந்ததை முழுவதும் சொன்னாள். தவறு எங்கே என்பதையும் சொன்னாள். பிறகு பலகையில் வரைந்தாள்: ஒவ்வொரு முள்வரிசைக்கும் அடியில் ஒரு சின்னக் காற்றுப்பை, காற்று ஏறினால் முள் வெளியே, இறங்கினால் உள்ளே. தேர்வாளர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக் கேள்வி கேட்கத் தொடங்கினார். ஒதுக்கிய நேரம் முடிந்தும் விடவில்லை.

வெளியே வந்ததும் ஸ்ரீகலா டீச்சர், "சிமுலேஷன விடு. அந்த முள்ளுக்க வேலைய முடி. நல்ல பேப்பர் ஒண்ணு எழுதலாம்" என்றார்.

மறுநாள் அவள் ஆய்வகத்தில் இருக்கும்போது அம்மா அழைத்தாள். பின்னால் ஆட்களின் பேச்சும் மண்வெட்டிச் சத்தமும் கேட்டன.

"வேரு வெட்டியாச்சு மக்கா. வெள்ளம் போவுது. செங்கல் எல்லாம் வெளிய தெரியுது."

"ரோபோ?"

"அதுல ஒரு கண்டத்த மண்வெட்டி வெட்டிப்போட்டுது. நேசையன் அண்ணன் கழுவி அவருக்க வீட்டுக் கொடியில காயப் போட்டிருக்காரு. தெருவே வந்து பாக்குது."

பிரசீதா சிரித்துக்கொண்டே போனை வைத்தாள். சானு ஏற்கெனவே சிலிகான் டப்பாவைத் திறந்திருந்தான். காற்றுப்பைக்கு இடம்விட்டு முதல் வளையத்தின் அச்சை இருவரும் செய்யத் தொடங்கினார்கள்.