எடை போடக் கூப்பிடும் வரை

மரியபுஷ்பம் வண்டிப்பெரியாரில் தேயிலைக் கொழுந்து எடுப்பவர். நடுக்குவாதம் வந்து மூன்று வருஷமாக, பறித்த கொழுந்தின் எடை குறைகிறதென்று தினமும் ஏச்சு வாங்குகிறவர்.

இங்கே ஆஸ்பத்திரியில் அவர் ஸ்கேன் மெஷினுக்குள் படுத்து, கையை அசைக்காமல், கை வேலை செய்வதாக மனதுக்குள் மட்டும் பார்க்க வேண்டும். மூளை விழித்துக்கொண்டால் கண்ணெதிரே திரையில் ஒரு கோடு உயரும். அப்படிப் பழகினால் நடுக்கம் குறையுமா என்பது டாக்டரின் ஆராய்ச்சி. மெஷினை இயக்குவது நான்.

பந்து பிடிப்பதாக நினைக்கச் சொன்னார் டாக்டர். கோடு அசையவில்லை. அந்த அம்மா பந்தை எந்தக் காலத்தில் பிடித்தார்? நான் எஸ்டேட் தொழிலாளர்களின் லய வீட்டில் பிறந்தவன். மைக்கை வாங்கி, "கொழுந்து எடுங்கக்கா" என்றேன். கோடு சரசரவென்று ஏறியது.

"போதும், ஓய்வெடுங்கள்" என்று டாக்டர் சொன்ன பிறகும் அது இறங்கவில்லை. அவர் மெஷினைத் திட்டினார்.

"ஏன்க்கா நிறுத்தல?" என்று கேட்டேன்.

"எடை போட இன்னும் கூப்பிடலையே தம்பி."

"எடை போட வாங்கக்கா."

கோடு இறங்கியது.

வெளியே வந்தவர், நடுங்கும் கையை மறுகையால் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்: "இன்னைக்காவது எடை கொறையாம இருந்துச்சா?"