பதிலுக்குத் தட்டுகிற ஆள்

மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். மருந்து ரத்தத்தில் கலந்து தலைக்கு ஏறிய பிறகுதான் மெஷினில் உட்கார வைப்பார்கள். வெறும் மெஷின் பாதி வேலைதான் செய்யுமாம், வெறும் மாத்திரை அந்தப் பாதியும் செய்யாதாம். இரண்டும் சேர்ந்தால் பலன் கூடுகிறதா என்று பார்க்கத்தான் இந்த ஆஸ்பத்திரியில் காசு வாங்காமல் வைத்தியம் பார்த்தார்கள்.

வாசல்காரன் தாழ்வாரத்துப் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். எதிர்க் கதவின் மேல் மனநலப் பிரிவு என்று கொட்டை எழுத்தில் போர்டு. படியில் யாராவது ஏறி வரும் சத்தம் கேட்டால் எழுந்து, பக்கத்திலிருந்த எலும்பு டாக்டர் அறை முன்னால் போய் நின்றுகொள்வான். சும்மா நின்றால் சந்தேகம் வரும் என்று முழங்காலைக் கொஞ்சம் தேய்த்துவிட்டுக்கொள்வான். வந்தவர்கள் போனதும் திரும்பப் பெஞ்சுக்கு வருவான். இத்தனைக்கும் அவனை யாரும் ஏறிட்டுப் பார்த்ததில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும்.

லாரி டேங்கர்களைக் கழுவும் பட்டறையில் அவனுக்கு வேலை. ஓர் ஆள் மேல்மூடியைத் திறந்து உள்ளே இறங்கி, அடியில் ஒட்டிய கசடைச் சுரண்டுவான். இன்னோர் ஆள் மேலே, மூடி அருகில், அவன் இடுப்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பான். மேலே நிற்கிறவனுக்குப் பட்டறையில் வாசல்காரன் என்று பெயர். "வாசல் எங்கப்பா காணோம்?" என்று ஒருவன் கேட்டால், "வாசல் டீ குடிக்கப் போயிருக்கு" என்று இன்னொருவன் சொல்வான். மற்ற வாசல்காரர்கள் வந்தார்கள், போனார்கள். இவனுக்கு மட்டும் அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது.

டேங்கருக்குள் பேசினால் குரல் உருண்டு குழம்பிப்போகும். அதனால் தட்டுவார்கள். உள்ளே இருப்பவன் சுரண்டியின் கட்டையால் இரண்டு தட்டு தட்டினால், நான் இருக்கிறேன், நீ இருக்கிறாயா என்று அர்த்தம். வாசல்காரன் பதிலுக்கு இரண்டு தட்ட வேண்டும். பதில் வராவிட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு உடனே மேலேறி வந்துவிட வேண்டும். பட்டறையில் எழுதி வைக்காத சட்டம் அது. அக்காவைக் கட்டிய மாமாதான் அவனுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தார். வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். அவர் உள்ளே இறங்கினால் இவன்தான் வாசல் என்று ஆகிப்போயிருந்தது.

அன்றைக்கும் அப்படித்தான் நின்றிருந்தான். சூப்பர்வைசர் கீழேயிருந்து கூப்பிட்டார். "பக்கத்து வண்டி வாசலுக்கு ஆள் வரல. அதையும் சேத்துப் பாத்துக்க. ரெண்டும் ஒட்டித்தானே நிக்குது?" கயிற்றைக் கம்பியில் கட்டிவிட்டு இவன் பக்கத்து டேங்கருக்குத் தாவினான். கொஞ்ச நேரத்தில் இரண்டு தட்டு கேட்டது. காலடியில்தான் என்று நினைத்து, காலடியிலேயே இரண்டு தட்டினான். மறுபடி கேட்டது, மறுபடி தட்டினான். பிறகு கேட்கவில்லை. காலடி டேங்கரிலிருந்து ஒரு தலை வெளியே வந்தது.

"என்னடா சும்மா சும்மா தட்டிக்கிட்டு இருக்க? நான் கூப்பிடவே இல்லையே."

இவன் தாவிப் போவதற்குள் மாமா கசடில் குப்புறக் கிடந்தார். உள்ளே காற்று கெட்டுப்போயிருந்தது. ஒட்டி நின்ற வண்டியில் இவன் தட்டியது தனக்கு வந்த பதிலாகவே கேட்டதால், மேலே மச்சான் இருக்கிறான் என்று நம்பி அவர் ஏறாமல் இருந்திருக்கிறார்.

விசாரணைக்கு வந்தவர்களிடம் சூப்பர்வைசர், "வாசல்ல ஆள் இருந்தான் சார், கூப்பிட்டதுக்குப் பதிலும் குடுத்திருக்கான். அவர்தான் முகமூடி போடல" என்றார். அவர்கள் இவனைப் பார்த்தார்கள். இவன் தலையாட்டினான்.

அதற்கப்புறம் இரும்பில் எது பட்டாலும் அவனுக்கு உடம்பு உதறியது. வீட்டில் கரண்டி பாத்திர விளிம்பில் பட்டால் எழுந்து வெளியே ஓடுவான். பட்டறையில் ஒருநாள் யாரோ ஸ்பேனரைக் கீழே போட, டேங்கர் மேலேயே குந்தி உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டான். நான்கு பேர் சேர்ந்து இறக்கினார்கள். அன்று முதல் கையில் துடைப்பத்தைக் கொடுத்தார்கள். "தலையச் சரி பண்ணிக்கிட்டு வா. சரியாயிட்டான்னு டாக்டர் எழுதிக் குடுத்தா வாசல்ல நில்லு. இல்லேன்னா வேற எடம் பாத்துக்க" என்றார் சூப்பர்வைசர். மாமா போன பிறகு அக்காவும் அவள் மகளும் இவன் சம்பளத்தை நம்பித்தான் இருந்தார்கள்.

மாத்திரையில் ஒரு வேடிக்கை இருந்தது. அது பழைய காசநோய் மருந்து. குறைந்த அளவில் கொடுத்தால் மூளை புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ள உதவுமாம். அக்கா அவன் சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து மருந்துக்கடையில் காட்டிவிட்டு வந்தாள்.

"டி.பி.யாடா உனக்கு?"

வாய் தானாக, "ஆமாக்கா" என்றது. மூளைக்கு வைத்தியம் என்று சொல்வதைவிட நெஞ்சில் சளி என்று சொல்வது அவனுக்கு எவ்வளவோ கௌரவமாக இருந்தது.

அக்கா அழுதாள். பிறகு அவனுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் எடுத்து வைத்தாள். வேலை விட்டு வந்ததும் ஓடிவந்து மடியில் ஏறுகிற அக்கா மகள் பாப்பா இப்போது அறை வாசலிலேயே நின்று, வரைந்த படத்தைத் தூக்கிக் காட்டுவாள். "தெரியுதா மாமா?" என்று கத்துவாள். "தெரியுது, தெரியுது" என்பான். கண்ணுக்கு ஒன்றும் சரியாகத் தெரியாது.

உள்ளே கூப்பிட்டார்கள். மெஷினில் உட்கார வைப்பதற்கு முன்னால் டாக்டரம்மா எதிரே உட்கார்ந்து, அன்றைக்கு நடந்ததைச் சொல்லச் சொல்வார். முதல் சில தடவை அவன் பக்கத்து டேங்கரை விட்டுவிட்டுச் சொன்னான்.

"உங்க கதையில ஒரு எடத்துல நீங்க காணாமப் போயிடுறீங்க" என்றார் டாக்டரம்மா. "மருந்து உடம்புல இருக்கிற நேரம் இது. எதை வெளிய எடுக்கிறீங்களோ அதுக்குத்தான் இங்க வைத்தியம். எடுக்காததை நாங்க என்ன செய்ய?"

தரையைப் பார்த்துக்கொண்டு, விட்டதையும் சொன்னான். அவர் அதிர்ச்சியடையவில்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவனுக்கு இருந்தது.

மெஷினில் கரண்டு வைப்பார்கள் என்று பயந்திருந்தான். அப்படி ஒன்றும் இல்லை. காந்தச் சுருள் ஒன்றை மண்டையில் ஒட்டினாற்போல் வைத்தார்கள். டக் டக் டக் என்று தட்டும், நிற்கும், மறுபடி தட்டும். மரங்கொத்தி கொத்துவது போல மண்டைத் தோல் சுருக்கென்றது. மண்டைக்குள்ளிருந்து யாரோ தட்டுவதாகவும், தகரத்துக்கு வெளியே தான் நிற்பதாகவும் அவனுக்குத் தோன்றியது. அவன் விரல் நாற்காலிக் கையில் இரண்டு தட்டு தட்டியது.

"விரலை ஆட்டாதீங்கண்ணே" என்றான் மெஷினைப் பார்த்துக்கொள்கிறவன்.

"பதில் குடுக்கணும்ல" என்று சொல்லிவிட்டு, சொன்னதை நினைத்துக் கூசிப்போனான்.

வாரங்கள் போயின. ஒரு காலையில் அடுப்படியில் பாத்திர அடுக்கு மொத்தமும் சரிந்தது. அக்கா பதறிப்போய் இவனைத் திரும்பிப் பார்த்தாள். இவன் போய் ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கினான். அடுக்கி முடித்த பிறகுதான், தான் ஓடவில்லை என்பது உறைத்தது. அன்று பட்டறையில் கூட்டும்போது, வேண்டுமென்றே மாமா தட்டிய சத்தத்தை நினைத்துப் பார்த்தான். நினைவு வந்தது, உதறல் வரவில்லை. சந்தோஷப்பட வேண்டிய விஷயம். அவனுக்கோ செத்தவர் பையில் கைவிட்டு எதையோ எடுத்துக்கொண்ட மாதிரி வெட்கமாக இருந்தது.

கடைசியாக மெஷினுக்குப் போன நாளில், படியில் செருப்புச் சத்தம் கேட்டுப் பழக்கதோஷத்தில் எலும்பு டாக்டர் அறைக்குப் போய் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தான். மேல்படியில் சாப்பாட்டுத் தூக்கோடு அக்கா நின்றிருந்தாள்.

"டி.பி.க்கு முட்டிய ஏண்டா தேய்க்கிற?"

அவன் முழங்காலிலிருந்து கையை எடுத்தான். அக்கா அவனைத் தாண்டிப் போர்டைப் பார்த்தாள்.

"கீழ டி.பி. வார்டுல கேட்டேன். இப்படி ஒரு ஆளே இல்லன்னாங்க. ஒரு நர்சம்மா பாவம், மேல போய்ப் பாருங்கன்னு அனுப்புச்சு."

பெஞ்சில் உட்கார்ந்தாள். அவனும் உட்கார்ந்தான்.

"இதைச் சொல்லவாடா வெக்கம்? எங்கிட்டயா?" என்றாள். "தனித் தட்டு வச்சேனே. பாப்பா உன்கிட்ட ஓடுனப்ப அடிச்சுக்கூட இழுத்தேனே."

"தப்புதான்க்கா."

"உன் தப்பா? பெத்த அம்மா மாதிரி பாத்துக்கிறேன்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டேன். உனக்கு என்ன வியாதின்னே தெரியல எனக்கு." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "இப்ப எப்படி இருக்கு? அவர் தட்டுறது கேக்குதுன்னு தூக்கத்துல சொல்லுவியே."

"இல்லக்கா. நின்னுபோச்சு."

அக்கா தலையசைத்தாள். தூக்கைத் திறந்தாள், திரும்ப மூடினாள்.

"ஒண்ணு சொல்றேன், கேளு. நீ பதிலுக்குத் தட்டினேன்னு விசாரணையில சொன்னாங்கல்ல. கடைசி நேரத்துல அவருக்கு உன் பதில் கேட்டிருக்கும். தம்பி மேல இருக்கான்னு தைரியமா இருந்திருப்பாரு. அதை நெனச்சுத்தான் எனக்குத் தூக்கமே வருது."

அவன் தரையின் வெடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். மாத்திரை, மெஷின் எல்லாம் தொடாத ஓர் இடத்தில் சுட்டது. இப்போது சொல்லிவிடலாம். சொன்னால் அவள் தூக்கம் போகும்.

"கேட்டிருக்கும்க்கா" என்றான். "நல்லாவே கேட்டிருக்கும்."

அவள் அவன் தலையைத் தடவிக் கொடுத்தாள். அந்தக் கை பட்ட இடத்தை வெட்டி எறிய வேண்டும்போல இருந்தது அவனுக்கு.

டாக்டரம்மா எழுதிக் கொடுத்ததை சூப்பர்வைசர் முழுதாகப் படிக்கவில்லை. "பரவால்லையே, மெஷின வச்சே ஆளச் சரி பண்ணிட்டாங்களே!" என்று முதுகில் தட்டினார். "துடைப்பத்த ஓரமா வை. வாசலுக்குப் போ. இன்னிக்கும் ஆள் பத்தல. ரெண்டு வண்டி ஒட்டி நிக்குது, ரெண்டையும் பாத்துக்க."

அவன் நகரவில்லை. "சார், ரெண்டுக்கு ஒருத்தன் வேணாம் சார். அன்னிக்கும் அதனாலதான்..."

சூப்பர்வைசரின் சிரிப்பு போய்விட்டது. "என்ன, திரும்பவும் ஆரம்பிக்குதா? முடியலன்னா சொல்லு. இன்னும் சரியாகலன்னு எழுதி ஆஸ்பத்திரிக்கே அனுப்பிடுறேன். கேட்டுல நாலு பேர் வேலைக்கு நிக்கிறான்."

சுற்றிலும் ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காதைப் பொத்திக்கொண்டு குந்தியிருந்தவனை இறக்கிய நால்வரில் இருவர் அங்கே நின்றார்கள். அவனுக்குக் காது மடல் வரை சுட்டது.

"இல்ல சார். நல்லாத்தான் இருக்கேன்."

ஏணியில் ஏறினான். இரண்டு டேங்கர்களுக்கும் நடுவே பலகை போட்டிருந்தார்கள். இடப்பக்கம் ஒருவன் இறங்கினான். "வாசலு, வந்துட்டியா? இனிமே பயமில்ல" என்று சொல்லிவிட்டுப் போனான். வலப்பக்கம் இறங்கியவன் வேலைக்குப் புதியவன், ஒன்றும் சொல்லவில்லை. வாசல்காரன் பலகையின் நடுவில் நின்று, இடக்கையில் ஒரு கயிறும் வலக்கையில் ஒரு கயிறுமாகப் பிடித்துக்கொண்டான். தட்டுகிற கட்டையை வலது அக்குளில் இடுக்கிக்கொண்டான். இரண்டு மூடிகளுக்குள்ளும் ஒரே இருட்டு. சுரண்டுகிற சத்தம் இரண்டிலிருந்தும் வந்துகொண்டிருந்தது. வெயில் ஏறி, இரும்பு காய்ந்தது.

இரண்டு தட்டு கேட்டது.

அவனுக்கு வியர்க்கவில்லை. கை நடுங்கவில்லை. கயிறுகளை ஒரே கைக்கு மாற்றிக் கட்டையை எடுத்தான். ஓங்கிய பிறகு இடப்பக்க மூடியைப் பார்த்தான், வலப்பக்க மூடியைப் பார்த்தான். எதில் தட்டினாலும் உள்ளே இருக்கும் இரண்டு பேருக்கும் கேட்கும்.

மறுபடியும் இரண்டு தட்டு கேட்டது.