குளத்தங்கரை அழகிகள்

நாடு குடியரசான பிறகு மைசூரில் வந்த முதல் தசரா. ஆபீஸ் விட்டு வந்த கேசவமூர்த்தி கொலுவைப் பார்த்துத் திகைத்தான். கண்ணாடிக் குளத்தைச் சுற்றி, பட்டாளத்து நண்பன் அவனுக்குக் கொடுத்த சீட்டுக்கட்டில் படமாக இருந்த வெள்ளைக்காரிகள். அவன் பெட்டியடியில் அம்மணமாக ஒளிந்திருந்தவர்கள், இப்போது பட்டுத் துண்டுகளைப் புடவையாகச் சுற்றி, கழுத்துவரை மூடி நின்றார்கள்.

மேல்கோட்டை அத்தை குனிந்து உற்றுப் பார்த்தாள். அவன் கதவோரம் ஒதுங்கினான்.

"இந்த ஜரிகை ஏது, ஸரஸா?"

"என் கல்யாணப் புடவை கிழிஞ்சது, அத்தே."

அத்தை தலையாட்டிவிட்டு, சுண்டலோடு கிளம்பினாள். கேசவமூர்த்தி அப்பாடா என்று உட்கார்ந்தான். ஸரஸா காபியை அவன்முன் நங்கென்று வைத்தாள்.

"பசை போட்டு ஒட்டலை. நூல்தான் கட்டியிருக்கேன். தசரா முடிஞ்சதும் நீங்களே அவிழ்த்துக்கோங்கோ."